வெப்பத்தின் விதி கண்ட ஸ்தெபான்

விண்ணிலே பறக்கும் கலங்களை வியந்து பேசும் நாம், அக்கலங்கள் தம் வெப்பத்தாலே தாமே வெந்தழியாமல் காக்கும் விதியைக் கண்டவரை நினைப்பதில்லை. யோசேப் ஸ்தெபான் என்னும் அவ்வறிஞரின் வரலாற்றை இலக்கிய அன்பர் முன் வைப்பதற்கு எனக்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. இளமையில் அவர் கவிஞராகவும் விளங்கினார்.

அவுஸ்திரியப் பேரரசின் கிளாகன்பேட் நகரருகே, 1835ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தை மாவாலைத் தொழிலாளி. தாய் வீட்டுப் பணிப்பெண். பெற்றோருக்கு மணம் நிகழ்ந்தபோது மைந்தனுக்கு வயது 11. அக்காலச் சமுதாயத்தில் அஃது எத்துணைப் பாரமென்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. கல்வியே அவருக்குக் கைகொடுத்தது. துறவு பூணலாமோ என்று சிறிது காலம் எண்ணினார். பௌதிகத்தின்மேற் கொண்ட காதலே வென்றது. 1853இல் வியன்னா சென்றார். ஜெர்மன் மொழி கோலோச்சிய அந்நகரில் மாணவராயிருந்தபோதும் தாய்மொழியாகிய சுலோவீனியத்திற் கவிதை எழுதி வெளியிட்டார். பின்னர் ஆய்வே அவரை முழுவதும் ஆட்கொண்டது. 1863இல், 28ஆம் வயதில், பேராசிரியரானார்.

சூடான பொருள் வெப்பத்தை இழக்கும் வழிகள் மூன்று. தொட்ட பொருளுக்குக் கடத்தும், காற்றோ நீரோ அள்ளிச் செல்லும், கதிராகவும் வீசும். இம்மூன்றாவதன் கணக்கே அறிஞர்க்குப் புதிராயிருந்தது. தின்டல் என்பார் பிளாற்றினக் கம்பியைச் சூடேற்றி அளந்திருந்தார். 525 பாகை சென்றிக்கிரேட்டிலிருந்து 1,200 பாகைக்குச் சூடு ஏறியபோது கதிர்வீச்சு 11.7 மடங்காயிற்று. இவ்வெண்ணை ஸ்தெபான் ஊன்றி நோக்கினார். வெப்பநிலைகளைப் பூச்சியத்துக்குக் கீழ் 273 பாகையிலிருந்து எண்ணி, ஒன்றை மற்றொன்றால் வகுத்து, ஈவின் நான்காம் அடுக்கைக் கண்டார். விடை 11.6! கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பின்பற்றும் என்று 1879இல் அறிவித்தார். அவ்விதியைக் கொண்டே சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை 5,430 பாகை எனவுங் கணித்தார். அவருடைய மாணவர் போல்ட்ஸ்மான் 1884இல் இவ்விதியைக் கோட்பாட்டின் வழியே நிறுவினார். 1893ஆம் ஆண்டு ஜனவரி 7ஆந் திகதி ஆசிரியர் வியன்னாவிற் காலமானார்.

அவர் மறைந்து 72 ஆண்டுகளின் பின், 1965 ஏப்ரல் 3ஆந் திகதி, ஸ்னாப்-10ஏ என்னும் சிறிய அணு உலையை அமெரிக்கா விண்ணில் ஏவியது. திரவ உலோகமாகிய சோடியம்-பொற்றாசியக் கலவை அதன் வெப்பத்தைச் சுமந்தது. 30 கிலோவாற்றுக்கு மேற்பட்ட வெப்பத்தில் மின்சாரமானது ஏறத்தாழ 500 வாற்று மாத்திரமே. எஞ்சியது எங்கே போவது? வெற்றிடத்தில் அள்ளிச் செல்லக் காற்றில்லை, தொடுவதற்குப் பொருளுமில்லை. கதிராக வீசுவதொன்றே வழி. அங்கே ஸ்தெபானின் விதியே ஆட்சி செய்கிறது. வெப்பம் வீசும் தகட்டின் தனிவெப்பநிலை இருமடங்கானால் கதிர்வீச்சு 16 மடங்காகும். தகட்டின் பரப்பைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கலாம். ஆயின் தகட்டின் சூடு உலையின் சூட்டை நெருங்க நெருங்க, கிடைக்கும் மின்சாரம் குறையும். கலத்தின் பாரமா, மின்சாரமா என்னும் இந்த இழுபறி விண்வெளி உலை அமைப்போரை இன்றும் விட்டபாடில்லை.

ஸ்தெபான் விமானத்தைக் கூடக் கண்டவரல்லர். பிறர் அளந்து வைத்த எண்களைப் பொறுமையோடு நோக்கியதே அவர் செய்த தவம். வகுப்பறையில் அவ்விதியை எழுதும் ஆசிரியர், அந்த மாவாலைத் தொழிலாளியின் மைந்தனையும் மாணவர்க்கு அறிமுகஞ் செய்தல் நன்றென்பேன். வறிய வீட்டுப் பிள்ளையொருவன் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்காரக் கூடும்.