மெழுகுவர்த்தி விஞ்ஞானி!

லண்டனில் ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனாக, 1791ல் பிறந்தவர் மைக்கேல் பாரடே. பள்ளிப் படிப்பு, எழுதப் படிக்கக் கற்றதோடு நின்றது. 14 வயதில், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த அறிவியல் புத்தகங்களை ஆசையாகப் படித்தார்.

அப்போது, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகள் நடந்து வந்தன. டிக்கெட் வாங்க பாரடேவிடம் பணம் ஏது? 1812ல், கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் டிக்கெட் தந்து உதவினார். கேட்டதை எல்லாம் குறிப்பெடுத்து, படமும் வரைந்து, தன் கையாலேயே பைண்டிங் செய்து, டேவிக்கு அனுப்பினார் பாரடே. பழகிய தொழில் கைகொடுத்து விட்டது! மறு ஆண்டே, அங்கு ஆய்வக உதவியாளர் ஆனார்.

காந்தத்தின் உதவியால் மின்சாரம் உண்டாக்கலாம் என, 1831ல் கண்டுபிடித்தவர் இவர்தான். அவ்வளவு பெரிய விஞ்ஞானி, சிறுவர்களுக்காகவும் நேரம் ஒதுக்கினார். 1825ல் அங்கு துவங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை, 19 ஆண்டுகள் இவரே நடத்தினார். 1860ல் துவங்கிய கடைசித் தொடரில், ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே ஆறு சொற்பொழிவுகள்! மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து, எழும் புகையில் நெருப்பைக் காட்டினார். திரியைத் தொடாமலே குப்பென்று பற்றிக் கொண்டது. காரணம், அந்தப் புகையில் இருந்தது மெழுகின் ஆவி!

பாரடே, 1867ல் மறைந்தார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் சில ஆண்டுகள் நின்ற அந்தச் சொற்பொழிவுகள், இன்றும் கிறிஸ்துமஸ்தோறும் தொடர்கின்றன.