தந்தி இலாகாவிலிருந்து சோழமண்டலம் வரை



சர்வே வகுப்பில் நம்ம ராஜகிரி மலையைக் காண்டூர் கோடுகளாக வரைந்தால் தாளில் கோட்டையும் தெரியாது, மரமும் தெரியாது. கோடும் எண்ணும்தான் இருக்கும். ஆனாலும் அது ராஜகிரிதான்! அரூப ஓவியமும் ஏறக்குறைய அப்படித்தான். தமிழகத்தில் அந்த வழியைத் திறந்துவிட்டவர்களில் முக்கியமானவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்.

1911-இல் கோவையில் பிறந்தார். பதினேழு வயதிலேயே அவருடைய ஓவியங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்றன. அப்பா போயிட்டார். குடும்பத்தைக் காப்பாற்றப் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தி இலாகாவில் சேர்ந்தார். பிறகு இன்சூரன்ஸ் வேலை. நம்மில் பலபேர் வீட்டுக் கதைதானே இது? ஆனால் தூரிகையை மட்டும் அவர் கீழே வைக்கவே இல்லை. 1936-இல், 25 வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1957-இல் அதே பள்ளிக்கு முதல்வரானார்!

1954-இல் ஐரோப்பா சென்று கண்காட்சிகள் நடத்தினார். நவீனமாகவும் இருக்கணும், நம்ம மண்ணின் வாசனையும் இருக்கணும். அப்படி ஓர் ஓவியத்தைப் பல வருடம் தேடினார். 1963 வாக்கில் வழி கிடைத்தது. எங்கே தெரியுமா? நாம் பயந்து ஓடும் அல்ஜீப்ராவில்! கணக்குக் குறிகள், எண்கள், ஜாதகக் கட்டம், மலையாள எழுத்து போன்ற கிறுக்கல்கள் எல்லாம் அவர் படங்களில் வந்து உட்கார்ந்தன. படித்தால் அர்த்தம் வராது; பார்த்தால் அழகு வரும். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற அந்த வரிசைதான் அவருக்குப் பெரும்புகழ் தந்தது.

இன்னொரு கவலையும் அவருக்கு இருந்தது. படித்து முடித்த மாணவர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்? படம் விற்கிற காலமா அது! எனவே பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து, 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். காலையில் கைத்தொழில், மீதி நேரம் ஓவியம். யாரிடமும் கைநீட்டாமல் பிழைத்தார்கள்.

1977-இல் பணிக்கர் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது. அவர் பெயரில் ஒரு கலைக்கூடமும் உள்ளது.

டிப்ளமோ முடிச்சு வேலைக்குப் போனால் பாட்டு, படம், கவிதை எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்று நினைக்கும் தோழர்களே! இன்டர்வியூவுக்குச் சென்னை போகும்போது ஒருநாள் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கிப் பாருங்கள். தந்தி இலாகாவில் வேலை பார்த்த ஒருவர் உருவாக்கிய ஊர் அது!