தெருக் கம்பமும் ஜகதீஷ் சந்திர போஸும்



இன்று பெரிய நகரங்களில் தெருவிளக்குக் கம்பத்து உச்சியில் சின்ன ஆண்டெனா, அடியில் ஃபைபர் கேபிள். சில கம்பங்கள் அனுப்புவது மில்லிமீட்டர் அலை. அதற்கு முன்னோடி ஒரு வாத்தியார், ஜகதீஷ் சந்திர போஸ் அவர்கள்.

1858 நவம்பர் 30-ந் தேதி, இன்றைய வங்காள தேசத்தில் பிறந்தார். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு. போஸ் பாடம் நடத்தினார், சம்பளத்தைத் தொடவில்லை. மூன்று வருஷம்! செஞ்சியில் கல் உடைக்கிற எங்க அப்பாவிடம் இதைச் சொன்னேன். மூணு வருஷம் அடுப்பு எப்படி எரிஞ்சுது என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியல. கடைசியில் முழுச் சம்பளமும் நிலுவையோடு வந்தது.

கைக்காசு போட்டு, தகர வேலைக்காரர் ஒருவரை வைத்துக் கருவிகள் செய்தார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் கம்பியே இல்லாமல் தூரத்து மணியை ஒலிக்க வைத்தார், வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். மார்க்கோனி பேடண்ட் கேட்டது அடுத்த வருஷம்தான். நண்பர்கள் வற்புறுத்தி 1904-ல் கிடைத்த அமெரிக்கப் பேடண்டையும் போஸ் காலாவதியாக விட்டுவிட்டார். இதில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. உழைப்புக்குக் கூலி கேட்டவர்தானே அவர்?

1937 நவம்பர் 23-ல் காலமானார்.

அவர் அலையின் நீளம் சுமார் 5 மில்லிமீட்டர். அவ்வளவு குட்டையான அலை அதிக தூரம் போகாது, மரமும் மலையும் மறிக்கும். அதனால்தான் கம்பங்கள் நெருக்கமாக வேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி சூழ்ந்த எங்க செஞ்சிக்கு எத்தனை கம்பம் தேவைப்படும்? எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்.