முதுகில் விழுந்த கற்கள்

குழந்தைகளே, வீட்டுப்பாடம் எழுதும்போது சுவர்க்கடிகாரம் மணி அடித்தால், எத்தனை முறை அடித்தது என்று பிறகு சொல்ல முடியுமா? காதில் விழுந்திருக்கும்; மனதில் தங்கியிருக்காது. கவனம்தான் நோட்டில் இருந்ததே! நாம் இப்படித் தள்ளிவிடும் ஓசையையும் எண்ணி நினைவில் வைத்தவர், செய்குத்தம்பிப் பாவலர்.

1874ல், நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம்; பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் மேல் இருந்த ஆசையால், சங்கரநாராயண அண்ணாவியாரிடம் இலக்கணமும், இலக்கியமும் கற்றார். சீறாப்புராணத்துக்கு உரையும் எழுதினார்.

1907, மார்ச் 10ல், சென்னை விக்டோரியா மண்டபத்தில், அறிஞர்கள் முன் சதாவதானம் செய்து காட்டினார். சதம் என்றால் நூறு. அவதானம் என்றால் கவனம். சதாவதானம் லேசான காரியமா என்ன? கேட்ட பொருளில் வெண்பா பாட வேண்டும். கணக்குக்கு விடை சொல்ல வேண்டும். சதுரங்கமும் ஆட வேண்டும். நடுவில் மணி ஒலிக்கும். முதுகில் சிறு கற்கள் விழும். பாட்டில் மூழ்கி ஒரு கல்லைத் தவறவிட்டாலும் கணக்கு பிசகிவிடும். இவையும் தேர்வில் கேட்கப்படும் என்று முன்பே தெரிவதால், அவதானி மனதில் ஒரு மூலையை அவற்றுக்கென்றே ஒதுக்கி வைப்பார். அதனால், நமக்கு இடைஞ்சலாகும் ஓசை அவருக்குப் பாடமாகிவிடும்.

அன்று பாவலருக்கு, 'மகாமதி சதாவதானி' என்ற பட்டம் கிடைத்தது. 1950ல் மறைந்த அவருக்கு, 2008ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.