கார்ல் ஃபொன் லிண்டே

கார்ல் ஃபொன் லிண்டே (ஜூன் 11, 1842 – நவம்பர் 16, 1934) ஜெர்மனியைச் சேர்ந்த பொறியியலாளரும் பேராசிரியரும் தொழில் முனைவரும் ஆவார். பியர் வடிப்பாலைகளுக்கு ஏற்ற குளிரூட்டும் இயந்திரத்தை வடிவமைத்தார்; பின்னர் காற்றைத் திரவமாக்கும் தொழில்முறையை உருவாக்கினார். குளிர்பதனப் பெட்டியைக் கண்டுபிடித்தவர் என்று சில நூல்கள் இவரைக் குறிப்பிடுவது சரியன்று. உணவகங்களின் பானக் குளிர்பெட்டிகளில் இன்று பயன்படும் ஆவி அமுக்கச் சுழற்சி இவருக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. அதை வெப்ப இயக்கவியல் அடிப்படையில் கணக்கிட்டு, வாங்கியவர் நம்பி இயக்கத்தக்க பொறியாக ஆக்கியதே இவரது பணி.

இளமை

பவேரியாவின் பெர்ண்டோர்ஃப் என்ற ஊரில் லூத்தரன் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1861 முதல் சூரிச் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றார். வெப்ப இயக்கவியலின் முன்னோடியான ருடோல்ஃப் கிளவுசியஸ் இவரது ஆசிரியர்களுள் ஒருவர். 1864 இல் மாணவர் போராட்டத்தில் பங்கேற்றதால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேற நேர்ந்தது. பெர்லினிலும் மியூனிக்கிலும் தொடர்வண்டி இயந்திர ஆலைகளில் பணியாற்றிய பின், 1868 இல் மியூனிக் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியரானார். டீசல் இயந்திரத்தை உருவாக்கிய ருடோல்ஃப் டீசல் இவருடைய மாணவர்.

வடிப்பாலைகளும் குளிரும்

பவேரிய வகை பியர் குறைந்த வெப்பநிலையில் நொதித்து, உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் பல வாரங்கள் முதிர வேண்டும். இதற்காகக் குளிர்காலத்தில் ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டியை நிலவறைகளில் குவித்து வைத்தனர். குளிர்காலம் மிதமாக அமைந்துவிட்டால் பனிக்கட்டி போதாது; கோடையில் பியர் கெட்டு இழப்பு நேரும்.

1870, 1871 ஆண்டுகளில் குளிரூட்டல் முறைகளை ஒப்பிட்டு லிண்டே எழுதிய கட்டுரைகள் வடிப்பாலை உரிமையாளர்களின் கவனத்தை ஈர்த்தன. மியூனிக்கின் ஸ்பாட்டன் வடிப்பாலை சோதனைக்கு இடமளித்தது. அவுக்ஸ்பூர்க் இயந்திர ஆலையில் கட்டப்பட்ட முதல் இயந்திரம் மெத்தில் ஈதரைக் கொண்டு இயங்கியது. அதன் அமுக்கியில் வாயுக் கசிவைத் தடுப்பதே பெருந்தொல்லையாயிற்று. பாதரசத்தால் அடைத்தும் பயன் கிட்டவில்லை. இரண்டாவது வடிவமைப்பில் கிளிசரினால் அடைத்து, அம்மோனியாவுக்கு மாறினார். அவ்வியந்திரம் திரியெஸ்தே நகரின் டிரெயர் வடிப்பாலைக்குச் சென்று நெடுங்காலம் உழைத்தது.

அம்மோனியா –33 °C இல் கொதிக்கிறது. ஆவியாகும்போது மிகுந்த வெப்பத்தை உறிஞ்சுகிறது. சிறு கசிவையும் அதன் நெடி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அது நச்சுத்தன்மை உடையது, செம்பை அரிக்கும். ஆகவே பெரிய வடிப்பாலைகளிலும் பனிக்கட்டி ஆலைகளிலும் நிலைத்த அம்மோனியா, கடைகளின் சிறு குளிர்பெட்டிகளில் இடம்பெறவில்லை. புதிய பானக் குளிர்பெட்டிகள் பலவற்றில் புரொப்பேன் அல்லது ஐசோபியூட்டேன் பயன்படுகிறது. அமுக்கியும் மின்னோடியும் ஒரே உலோகக் கூட்டுக்குள் பற்றவைத்து மூடப்படுவதால், லிண்டே போராடிய தண்டுத் துளையே அவற்றில் இல்லை. எனினும் வெப்பத்தை வெளியேற்றும் சுருளில் தூசு படிந்தாலோ, கதவின் இரப்பர்ப் பட்டை தளர்ந்தாலோ அமுக்கி ஓயாமல் ஓடி மின்சாரத்தை வீணாக்கும். இவற்றைக் கவனிப்பது இன்றும் உணவக உரிமையாளரின் பொறுப்பே.

நிறுவனம்

1879 இல் பேராசிரியர் பதவியைத் துறந்து, வடிப்பாலை உரிமையாளர்கள் உள்ளிட்ட சிலருடன் சேர்ந்து வீஸ்பாடன் நகரில் லிண்டே பனிக்கட்டி இயந்திர நிறுவனத்தைத் தொடங்கினார். பாதுகாப்பான அரசுப் பணியை நடுவயதில் விட்டது துணிச்சலான முடிவு எனலாம். பனிக்கட்டி செய்து நிலவறைக்குச் சுமப்பதற்கு மாற்றாக, குளிர்ந்த உப்புநீரைக் குழாய்களில் செலுத்தி அறையையே குளிர்விக்கும் முறையையும் பரப்பினார். 1883-84 குளிர்காலம் மிதமாக இருந்ததால் இயந்திரங்களுக்கான தேவை பெருகியது. 1890 வாக்கில் ஏறத்தாழ 750 இயந்திரங்கள் விற்கப்பட்டிருந்தன.

பிற்காலம்

1892 இல் டப்ளினின் கின்னஸ் வடிப்பாலை கரியமில வாயுவைத் திரவமாக்கும் அமைப்பைக் கோரியது. இது அவரை மிகத் தாழ்ந்த வெப்பநிலை ஆய்வுகளுக்கு இட்டுச் சென்றது. 1895 இல் காற்றைத் திரவமாக்கினார். 1902 இல் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார். 1897 இல் பவேரிய அரசு உயர்குடிச் சிறப்பு அளித்ததால் பெயரில் 'ஃபொன்' சேர்ந்தது. 1903 இல் மியூனிக்கில் ஜெர்மன் அருங்காட்சியகத்தை நிறுவியோரில் இவரும் ஒருவர். தமது 92 ஆம் வயதில் மியூனிக்கில் காலமானார்.