ஸலீம் அலியும் கோடிக்கரைப் பறவையும்

சோழ நாட்டின் தென்கிழக்கு முனையில், வேதாரணியத்தை அடுத்து, கோடிக்கரை இருக்கிறது. 1930-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ராஜாஜியும் அவருடைய தொண்டர்களும் உப்பெடுத்துத் தடியடிபட்ட கடற்பிரதேசம் அது. அங்குள்ள சேற்று வெளிகளில் மாரிக்காலந்தோறும் தூர தேசத்துப் பறவைகள் ஆயிரமாயிரமாய் வந்திறங்குகின்றன. 1980-க்குப் பிற்பட்ட சில வருஷங்களில், அந்தக் கூட்டத்தினிடையே ஓர் அபூர்வப் பட்சி தென்பட்டது. சிட்டுக்குருவியளவே உள்ளது, அலகின் நுனி கரண்டிபோல் அகன்றது. கரண்டிமூக்கு உள்ளான் என்பது அதன் பெயர். ருஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் குஞ்சு பொரித்துப் பல்லாயிரம் மைல் பறந்து வரும் அவ்வினத்தில், உலக முழுவதிலும் இன்று ஆயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன.

அதைக் கண்டு, 1985-ல் தம் சஞ்சிகையில் பதிவு செய்தவர்கள் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார். ஒத்த உருவமுடைய எண்ணற்ற உள்ளான்களிடையே ஒன்றைப் பிரித்தறியும் கண், ஒரு நாளில் வாய்ப்பதன்று. அந்தப் பயிற்சியை நம் தேசத்தில் வேரூன்றச் செய்த பெரியார் ஸலீம் அலி. அவருடைய சரித்திரம் தேச ஊழியர் யாவரும் அறியத்தக்கது.

1896-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி அவர் பம்பாயில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்து, மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸுக்குத் தலைமை வகித்த பத்ருத்தீன் தயாப்ஜி பிறந்த குடும்பம் அது. சிறுவன் ஸலீம் ஒரு நாள் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் கழுத்திலே மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவியென்று மாமனுக்கும் தெரியவில்லை. சிறுவன் அதை எடுத்துக்கொண்டு சங்கத்தின் காரியதரிசி மில்லார்டு துரையிடம் சென்றான். துரை பெயரைச் சொன்னதோடு நில்லாமல், அங்கே பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் திறந்து காட்டினார். அன்று பிறந்த ஆவல் எழுபது வருஷங்களுக்கு மேல் தணியவில்லை.

வாழ்க்கை அவருக்கு எளிதாயிருக்கவில்லை. பர்மாவில் செய்த வியாபாரம் பலிக்கவில்லை. சர்வகலாசாலைப் பட்டம் இல்லாமையால், சர்க்காரின் பிராணி ஆராய்ச்சி இலாகாவில் அவர் விரும்பிய உத்தியோகம் கிட்டவில்லை. பொருட்காட்சிசாலை ஒன்றில் சிறு வேலை பார்த்து, விடுப்புப் பெற்று, பெர்லின் சென்று, ஸ்டிரெஸமான் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். 1930-ல் திரும்பியபோது, பணமில்லையென்று அந்த வேலையையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

அதே 1930-ல்தான் அவருடைய மாமன் முறையினரான அப்பாஸ் தயாப்ஜி, முதிய வயதில் உப்புப் போருக்குத் தலைமை தாங்கிக் கைதானார். ஸலீம் அலியோ வேலையற்றவராய், கிஹிம் என்னும் கடலோரக் கிராமத்தில், தூக்கணாங் குருவிகளின் கூடுகளைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டுவதும், பெண் வந்து சோதித்து ஏற்பதும், பிறகு ஆண் வேறொரு கூடு தொடங்குவதும் அவர் அங்கே கண்ட உண்மைகள்.

தேசம் கொந்தளித்த வேளையில் குருவி பார்ப்பதும் ஒரு தொண்டா என்று தீவிரவாதிகள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அவர் சிறை சென்ற தியாகியல்லர். அந்தப் பெருமையை அவருக்கு நாம் சூட்ட வேண்டுவதில்லை. ஆனால், நம் நாட்டுப் பறவைகளைப் பற்றிய சாஸ்திரம் அந்நாளில் பெரும்பாலும் அந்நிய உத்தியோகஸ்தர் கையிலிருந்தது. ஹைதராபாத், திருவாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களில் காடு காடாய் அலைந்து, அதை நம்மவர் உடைமையாக்கினார் அவர். 1939-ல் அருமை மனைவி தெஹ்மினா காலமானார். அந்தத் துயரத்திலும் வேலை நிற்கவில்லை. 1941-ல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல், சாதாரண ஜனங்களையும் பறவை நோக்கச் செய்தது. பின்னர் ரிப்ளியுடன் சேர்ந்து பத்துப் பாகங்களில் பெருநூல் இயற்றினார்.

சுதந்திரத்துக்குப் பின் சங்கம் பணமின்றித் தவித்தபோது, பிரதமர் நேருவுக்கு எழுதி அதைக் காத்தார். 1959-ல் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் பூட்டி, அவற்றின் யாத்திரையை ஆராயும் வேலையைத் தொடங்குவித்தார். அந்த வேலைக்குக் கோடிக்கரை முக்கிய நிலையமாயிற்று. 1967-ல் அது சரணாலயமாயிற்று. 1976-ல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1987-ம் வருஷம் ஜூன் 20-ந் தேதி காலமானார்.

கரண்டிமூக்கு உள்ளான் அருகியதற்குக் காரணம் ரகசியமல்ல. அது இளைப்பாறும் மஞ்சள் கடலோரத்துச் சேற்று வெளிகளைத் தூர்த்து நிலமாக்கினார்கள்; அது குளிர் காலம் கழிக்கும் கரைகளில் வலை வைத்துப் பிடித்தார்கள். சேறு என்றால் உதவாக் கரம்பு என்னும் எண்ணமே இதற்கெல்லாம் வேர். அன்று ஒரு பிடி உப்பின் மதிப்பை வேதாரணியம் நமக்குப் போதித்தது. அக்கரைச் சேற்றின் மதிப்பை ஸலீம் அலியின் வாழ்வு போதிக்கிறது. இரண்டாவது பாடத்தையும் நாம் கற்றோமா என்பதற்கு, இனி வரும் மாரிக்காலங்களில் அங்கே வந்திறங்கும் பறவைகளே விடை சொல்லும்.