கதை சொன்ன குருவானவர் வீரமாமுனிவர்

வீரமாமுனிவர் என்றதும் நமக்குத் தேம்பாவணி நினைவுக்கு வரும். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவும், கோணான்குப்பம் பெரியநாயகி மாதாவும் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அந்த மகானைத் தமிழ்நாட்டுக் குழந்தைகள் வேறொரு வழியாக அறிவார்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களையும் அவர்களுடைய பரமார்த்த குருவையும் கேட்டுச் சிரிக்காத பிள்ளை நம் ஊரில் உண்டோ? அக்கதையை எழுதியவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரல்லர் என்பதுதான் வியப்பு.

கொன்ஸ்தான்சோ யோசேப் பெஸ்கி என்ற இயற்பெயருடைய இவர், 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இத்தாலியில், மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698-ல் சேசு சபையில் சேர்ந்தார். 1710-ல் கோவா வந்திறங்கி, 1711-ல் மதுரை மிஷனில் பணி தொடங்கினார். தம் பெயரைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் என்பது பின்னர் வழங்கிய பெயர்.

முப்பது வயதில் தமிழ் எழுத்தைத் தொட்டவர் அவர். குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிய எங்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். வேற்று மொழியில் செபம் சொல்லிவிடலாம், பிரசங்கம்கூட மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடலாம். சிரிக்க வைப்பது அப்படியல்ல. கேட்பவர் வீட்டுத் திண்ணையில் எப்படிப் பேசுகிறார், எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்று காதில் விழுந்திருக்க வேண்டும். முனிவர் புலவர்களின் செந்தமிழோடு நின்றுவிடவில்லை. மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் தனியே இலக்கணம் எழுதினார். அதை இலத்தீனில் எழுதியது, பின்னால் வரும் குருக்கள் மக்களிடம் வாய் திறந்து பேச வேண்டும் என்பதற்காகவே. பரமார்த்த குருவின் கதையும் அதே நோக்கத்தில் பிறந்தது. தமிழ் கற்க வருவோர் படித்துப் பழக அதைத் தமிழில் எழுதி, இலத்தீன் மொழிபெயர்ப்பையும் சேர்த்து வைத்தார்.

அதில் ஆற்றைக் கடக்கும் பகுதியைப் பாருங்கள். ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று பார்த்துவரக் குரு ஒரு சீடனைக் கொள்ளிக்கட்டையோடு அனுப்புகிறார். தண்ணீரில் வைத்ததும் சுரீரென்று புகை எழுகிறது. ஆறு சீறுகிறது என்று அவன் ஓடி வருகிறான். பிறகு அணைந்துபோன அதே கட்டையை மீண்டும் வைத்துப் பார்க்கிறார்கள். சத்தமில்லை, ஆறு தூங்கிவிட்டதாம்! அக்கரை சேர்ந்து எண்ணினால் ஐந்து பேர்தான் தேறுகிறார்கள். ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஆற்றுக்கு இரையானவன் யார் என்று ஒரே ஒப்பாரி. வழிப்போக்கன் ஒருவன் ஆளுக்கொரு அடி போட்டு எண்ண வைத்து, காணாமற்போனவனை மீட்டுத் தந்ததாகக் காசு வாங்கிக்கொண்டு போகிறான்.

தன்னை எண்ண மறந்த மூடர் கதை ஐரோப்பாவிலும் உண்டு, நம் நாட்டிலும் உண்டு. குதிரை முட்டை என்று நம்பிப் பூசணிக்காயைச் சுமக்கும் கதையும் அப்படியே. முனிவர் அவற்றைத் தமிழ்நாட்டு வெயிலில், சத்திரத்தில், வாடகை மாட்டின் நிழலில் உட்கார வைத்தார். அக்கதை பிற சமய மடங்களைக் கேலி செய்வது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காவியுடுத்தித் துறவியாய் நடமாடியவர் குருவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லும்போது, அங்கி போட்ட எங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

உரக்க வாசிப்போருக்கு அவர் செய்த இன்னோர் உதவியை நாம் தினமும் அனுபவிக்கிறோம். அந்நாளில் குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி வைப்பது மரபு. ஓலையில் அப்புள்ளியை யாரும் இடுவதில்லை. ஆகவே கொடு என்பதா, கோடு என்பதா என்று வாசிப்பவர் தடுமாறுவார். முனிவர் நெடிலுக்குச் சுழி கொடுத்து வேறுபடுத்தினார். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்கும் நம் இளைஞர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

மற்ற நூல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட தேம்பாவணி 3,615 பாடல்கள் உடையது, 1726-ல் முடிந்தது. உபதேசியார்களுக்காக 1727-ல் வேதியர் ஒழுக்கம், 1730-ல் தொன்னூல் விளக்கம், 1732-ல் சதுரகராதி வெளிவந்தன. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். இத்தனையும் பங்குப் பணிக்கும் பயணத்துக்கும் இடையே செய்தவை.

1747-ல் கேரளத்து அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். பரமார்த்த குருவின் கதை 1822-ல் பாபிங்டன் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சேறியது. 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் முனிவருக்குச் சிலை வைத்தார்கள். சென்னைக்குச் செல்லும் நம் பங்கு மக்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, குதிரை முட்டைக் கதையைச் சொன்னவர் இவர்தான் என்று காட்டுங்கள்.